பாறை திறக்கவில்லை

கண்ணா,

நீ அனுப்பிய அட்டைப்படத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நடுவில் பிளந்த பாறை, உள்ளேயிருந்து வரும் மஞ்சள் வெளிச்சம், அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகும் ஓர் இளைஞன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு என் நாவலையும் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. போனை வைத்த கையோடு எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை. வாயைத் திறக்காமல் இருந்தே காரியங்களை நடக்க விடுவது எனக்குப் பழகிப்போன வேலை. புதுப் பதிப்புக்கு இரண்டு பக்கம் முன்னுரை வேண்டும், "நெஜ வரலாற்றையும் அமானுஷ்யத்தையும் எப்படிக் கலந்தீங்க, அத எழுதுங்கப்பா" என்றும் கேட்டிருந்தாய். ஒரு மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இதுதான் அந்த முன்னுரை. இரண்டு பக்கத்தில் அடங்காது. படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கதை உனக்கு மனப்பாடம். இருந்தாலும் ஒருமுறை நான் சொல்கிறேன், எது நடந்தது, எது என் சரக்கு என்று பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த இந்தத் திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஜனங்கள் போராடினார்கள், ரயிலை மறித்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அது நடந்தது. கனகம்மாசத்திரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏகாம்பரம் என்ற இளவயது விவசாயி பூசணிக்காய் பாரம் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தவர், மறுநாள் ரயில் மறியல் கூட்டத்தில் போய் நின்றார், பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அதுவும் நடந்தது. கூட்டம் கலைந்து ஓடும்போது அவர் மலைமேல் ஏறினார், போக வழியில்லாமல் நின்ற இடத்தில் ஏழு கன்னிமார் பாறையைத் திறந்து அவரை உள்ளே வாங்கிக்கொண்டார்கள், ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் அவர் வயது ஏறாமல் காவடிக் கூட்டத்துக்குள் வந்து ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார், உள்ளே போகும்போது பாறை உரசியதில் இடது புருவத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதுதான் அடையாளம். இது என் சரக்கு. வரலாறு நம்பும்படி இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றாமல் அப்படியே போட்டேன். என்ன துணிச்சல் பார்!

சரித்திர வாத்தியார் எழுதிய நாவல் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தக் காலத்தில் மறியலுக்குப் போனவர்கள், போகாதவர்கள், ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள் என்று ஒருவரை விடாமல் பார்த்துப் பேசினேன் என்று முதல் பதிப்பின் முன்னுரையில் மார் தட்டியிருக்கிறேன். அது பொய். ஏகாம்பரத்தின் வீட்டுக்கு நான் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஒரு வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் போனேன்.

ஏன் போகவில்லை என்று சொல்கிறேன். நான் நாவலைத் தொடராக எழுதிக்கொண்டிருந்த வருஷம் உன் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தார். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும்போது, முந்தின நாள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவேன். வாழ்நாள் பூராவும் கரண்டி பிடித்த மனுஷன், கதை கேட்பதில் சின்னப் பிள்ளை மாதிரி. ரயில் மறியல் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டு வந்து, "ஏகாம்பரம் என்ன ஆனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது" என்ற வரிக்கு வந்தேன். "நிறுத்துடா" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "எனக்குத் தெரியும்டா. அவன் எங்கியும் காணாம போகல. நம்ம சத்திரத்துப் பின்கதவுலதான் ஒக்காந்துகினு இருந்தான்" என்றார்.

மலையடிவாரத்தில் அப்போது ஒரு சத்திரம் இருந்தது. அங்கேதான் தாத்தா சமையல். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடையும் செருப்புக் கடையும் இருக்கின்றன. வருஷத்தில் ஒரு நாள், சத்திரம் கட்டியவரின் தகப்பனார் திதியன்று, அங்கே சமைத்த நைவேத்தியம் கூடையில் மலைக்குப் போகும், அது போன பிறகு ஊருக்குச் சாப்பாடு. அன்றைக்குச் சமையல்காரர் குளித்து ஈர வேட்டியோடு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டால், கூடை முன்வாசல் வழியாக வெளியே போகிறவரைக்கும் பின்கதவைத் திறக்கக் கூடாது. எச்சில் படாமல் இருக்க வாயில் துணி கட்டியிருக்கும், பேச்சு கிடையாது. நடுவில் வெளி ஆள் யாராவது எட்டிப் பார்த்தால்கூட ஆக்கியதை எல்லாம் கொட்டிவிட்டு, மறுபடியும் குளித்து, மறுபடியும் உலை வைக்க வேண்டும். தாத்தாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் அப்படித்தான் சமைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி எத்தனை கல்யாண வீட்டில் பெருமையடித்திருப்போம்!

மறியல் கூட்டம் கலைந்து ஓடியபோது ஏகாம்பரம் தண்டவாளத்துக் கல்லில் குப்புற விழுந்ததைக் கூட ஓடியவர்கள் பார்த்திருக்கிறார்கள். வயிற்றில் நல்ல அடி. வெளியே ரத்தம் இல்லை. ஊரில் அவருக்குத் தெரிந்த இடம் முந்தின நாள் பூசணிக்காய் இறக்கிய சத்திரம்தான். அங்கே வந்து பின்கதவைத் தட்டினார். "சாமி, ஒரு வாய் தண்ணி குடுங்க சாமி." யார் குரல் என்று தாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாயில் துணி. "உள்ள இருந்து ரெண்டு தட்டு தட்டினேன்டா. பொறுத்துக்கோன்னு அர்த்தம். அவனுக்கு அது புரிஞ்சிதோ இல்லையோ. அவனும் திருப்பி ரெண்டு தட்டு தட்டினான். அப்புறம் சத்தம் இல்ல. போயிட்டான்னு நெனச்சிக்கினேன்" என்றார். கூடை புறப்பட்டுப் போன பிறகு கதவைத் திறந்தார். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே உள்பக்கமாகச் சரிந்து தாத்தாவின் காலடியில் விழுந்தார். உயிர் இல்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் இன்னும் கேவலம். சத்திரத்தில் சாவு விழுந்தது என்று தெரிந்தால் மலைக்குப் போன நைவேத்தியத்துக்கே தீட்டு என்று ஊர் சொல்லும், மறியல் நடந்த நாள் என்பதால் போலீஸ் வரும், வேலை போகும். தாத்தாவும் சத்திரத்து மணியக்காரரும் விறகு வண்டியில் அவரைக் கிடத்தி, மேலே சுள்ளி பரப்பி, நந்தி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது உன் தாத்தா. அவர் எந்த ஊர் என்று தெரியும். வீட்டில் மாசமாக இருக்கும் பெண்டாட்டி உண்டு என்று தெரியும், முந்தின நாள் பூசணிக்காய் இறக்கும்போது அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறார். தெரிந்தும் ஆள் அனுப்பவில்லை. நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், வருஷத்தில் ஒரு நாள் தாத்தா விளக்கு வைக்கிறவரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார். ஆற்றங்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். யாருக்குப்பா என்று கேட்டால், தெரிஞ்சவர் என்பார். அவ்வளவுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "வெளியில நின்னது நம்ம சாதிக்காரனா இருந்தா தெறந்திருப்பியாப்பா?" "தெரியலடா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதுடா. எம் பேரப் போட்டே எழுது. நான் இருக்கும்போது வேணாம், போனப்புறம் எழுது. அந்த வூட்டு ஜனங்க படிச்சாவது தெரிஞ்சிக்கட்டும்" என்றார். இதை நன்றாகப் படித்துக்கொள் கண்ணா. அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை.

நான் நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. தொடருக்கு அடுத்த வாரத்துப் பகுதி அனுப்ப வேண்டும். ஐந்தாம் நாள் உட்கார்ந்தேன், கன்னிமார் வந்தார்கள். நானே எதிர்பார்க்காத வேகம்! ஒரே மூச்சில் இருபது பக்கம். அதைப் போல அதற்கு முன்னும் நான் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. திறக்காத கதவு இருந்த இடத்தில் திறக்கிற பாறையை வைத்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் ஒப்புக்கொள்வார் என்றே நினைத்தேன். முழுசும் கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு. நான் செஞ்சது இவ்ளோ நல்லா இல்லியே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. அடுத்த தை மாதம் போய்விட்டார். அவர் போன பிறகு ஆற்றங்கரைக்குப் போய் எள் இறைப்பதையும் நான் விட்டுவிட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எப்படிக் கலந்தேன்? எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் எத்தனையோ. கதைதானே, கதைக்குச் சாமி வரக்கூடாதா என்றேன். சரித்திரத்தில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கற்பனையால் அடைப்பதுதான் நாவல் என்று கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசினேன், ஜனங்கள் கை தட்டினார்கள். ஆனால் அந்த இடத்தில் ஓட்டையே இல்லையே! எனக்குத் தெரிந்த உண்மை அங்கே கல் மாதிரி உட்கார்ந்திருந்தது, அதன்மேல்தான் கன்னிமாரை நிற்க வைத்தேன். பேயும் தெய்வமும் கதைக்குள் வரலாம், தாராளமாக வரலாம். நம் ஜனங்கள் அவற்றோடுதான் வாழ்கிறார்கள். நீயும் ஏதோ நாவல் எழுதிக்கொண்டிருப்பதாக நமக்கு மருமகளாக வரப்போகும் பவித்ரா சொன்னாள், அதனால் இதைச் சொல்கிறேன். எழுதும்போது ஓர் இடத்தில், இங்கே ஒரு சாமியைக் கொண்டுவந்து விடலாம் என்று கை பரபரக்கும். அங்கே கொஞ்சம் நில். யாரைக் காப்பாற்ற இந்தச் சாமி வருகிறது என்று உன்னையே கேள். என் புத்தகத்தில் கன்னிமார் ஏகாம்பரத்தைக் காப்பாற்ற வரவில்லை, அவர் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அவர்கள் வந்தது என் அப்பாவுக்காக. நிஜத்தைச் சொன்னால் எனக்காக. சமையல்காரர் மகன் சரித்திர வாத்தியார் ஆகியிருக்கிறான் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்ததே, அந்தப் பெயருக்காக.

உன்னையும் நான் விட்டுவைக்கவில்லை. "பாறை நெஜமாவே தெறந்துச்சாப்பா?" என்று நீ கேட்டபோது, உன்னைப் படியேற்றிக் கூட்டிக்கொண்டு போய், மலைமேல் ஏதோ ஒரு பாறை வெடிப்பைக் காட்டி, உன் கையைப் பிடித்து அதற்குள் வைத்து, "ஆங், இங்கதான்" என்றவன் நான். நீ ஏழாவது படிக்கும்போது எல்லைப் போராட்டம் பற்றிப் பரீட்சையில் கேட்டிருந்தார்கள். நீ ஏகாம்பரம் பாறைக்குள் போனார் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தாய். ஆசிரியர்கள் அறையில் விடைத்தாளைக் கையிலிருந்து கைக்கு மாற்றிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, வரலாறு வேற கதை வேற என்று தெரியாதா மடையா என்று உன் காதைப் பிடித்துத் திருகினேன். நீ அழுதுகொண்டே, "நீங்கதானே கைய வெச்சிக் காட்டினீங்க" என்றாய். அதற்கு ஓர் அறையும் விட்டேன். என்னை நம்பியதற்காக உன்னை அடித்தேன் கண்ணா. என்னை மன்னித்துவிடு என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, கேட்கிறேன்.

பிறகு நீ சென்னையில் வேலைக்குப் போய், உன் ஆபீஸில் ஒரு பெண் என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது எங்க தாத்தா கதை" என்று சொன்னதையும், "இது எங்க அப்பா எழுதினது" என்று நீ சொன்னதையும், அதிலிருந்து பேச ஆரம்பித்ததையும் போனில் ஆசை ஆசையாகச் சொன்னாய். எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். சாதி வேறு என்று நான் தயங்குவதாக நீ நினைத்தாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிடச் சாதி வெறியன் என்று பெயர் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. சீ, என்ன மனுஷன் நான்!

நிச்சயத்துக்குப் போன அன்று பவித்ராவின் அப்பா முனிரத்தினம் என்னைத் தனியாகப் பூஜை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே சாமி படங்களுக்கு நடுவே மஞ்சள் துணியில் சுற்றி என் புத்தகம் இருந்தது. தகப்பன் முகம் பார்க்காமல் பிறந்து, தாயோடு ஏர் பிடித்து வளர்ந்த மனுஷன். அவர் சொன்னார்: "பன்னெண்டு வருசம் பாத்துட்டு காரியம் பண்ணிடுங்கன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க சார். அம்மா ஒத்துக்கல. அப்புறம் நானு தலையெடுத்து, போனது போச்சி, பண்ணிடலாம்னு அய்யரு கைல நாள் குறிச்சிக்கினு வந்தேன். அந்த வாரந்தான் உங்க கதையில பாறை தெறந்துச்சி. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டிச்சி. அம்மா எழுந்து நின்னுடுச்சி சார். என் புருசன் மலைக்குள்ள கீறாரு, யாரும் எள்ளு எறைக்கக் கூடாதுன்னுடுச்சி. பொட்டும் பூவுமாதான் போச்சி. உங்க புண்ணியம்." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்றுவரை ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி, காவடி எடுத்து வரும் வாலிபர்களின் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். "எங்க நைனா இப்ப எம் பொண்ண விட சின்ன வயசா இருப்பாரு இல்ல சார்?" என்று கேட்டுச் சிரித்தார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

முந்தாநாள் அவர் போன் பண்ணி, கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களுக்குப் படையல் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்றார். செத்துப்போன ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, புதுத்துணி வைத்து, இலை போடுவார்களாம். அம்மாவுக்குப் புடவை எடுத்தாயிற்று, சித்தப்பாவுக்கு வேட்டி எடுத்தாயிற்று என்று வரிசையாகச் சொன்னார். "நைனாவுக்குக் கெடையாது, அவருதான் உசுரோட கீறாரே" என்றார். பேத்தி கல்யாணத்தில் அந்த மனுஷனுக்கு ஓர் இலை கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஏன்? நான் நன்றாக எழுதியதால்.

அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாம்பாருக்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்திருக்கேன், ஒரு வார்த்த சொன்னீங்களா? தண்ணி கேட்டவனுக்குக் கதவத் தெறக்கல உங்க அப்பா. அதுக்காவது வாயக் கட்டியிருந்தாங்க. உங்க வாய எவன் கட்டினான்?" என்று கேட்டாள். "நாளைக்கே போயி அவர்கிட்ட சொல்லுங்க. கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள், இந்தக் கல்யாணத்துக்காக அவள் எத்தனை ஆசைப்பட்டாள் என்று உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை போனேன். முனிரத்தினம் வாசலில் பந்தலுக்குக் கழி பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே" என்று நாற்காலி போட்டார். மோர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குப் பயம். சத்திரம், தட்டியது, திருப்பித் தட்டியது, விறகு வண்டி, ஆற்றங்கரை, அப்பா எழுதச் சொன்னது, நான் எழுதியது, ஒன்றையும் விடவில்லை. திதியையும் சொன்னேன், மாசி மாதம் தேய்பிறை சப்தமி. இத்தனை வருஷம் அது அவருக்குச் சேர வேண்டியது, என்னிடம் இருந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, "மோட்டார் ஓடிக்கினு கீது, நிறுத்திட்டு வரேன்" என்று கொல்லைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் வரவில்லை. அவர் சம்சாரம் கொண்டுவந்து வைத்த மோர் அப்படியே இருந்தது.

திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். என்னைப் பார்க்காமல் பந்தல் கழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க அம்மாவ ஏமாத்திட்டீங்க. அது தெரியாமயே போயிடுச்சி. அது நல்லதா கெட்டதான்னு எனக்கு வெளங்கல சார்." சம்பந்தி போய்ச் சார் வந்துவிட்டது. "கல்யாணத்தப் பத்தி நானு ஒண்ணும் சொல்லமாட்டேன். எம் பொண்ணு கைல இத நீங்க சொல்லக்கூடாது. உங்க புள்ள சொல்லட்டும். அதுக்கப்புறம் அவ இஷ்டம்." அதனால்தான் இந்தக் கடிதம். அவளிடம் இதை அப்படியே கொடு. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சேர்க்காதே, தாத்தாவுக்காகவும் சேர்க்காதே. அவள் வேண்டாம் என்றால் அது நான் செய்ததற்கு. உன்னை நீ குறைவாக நினைத்துக்கொள்ளாதே. அச்சகத்துக்கும் போன் பண்ணி நிறுத்தச் சொல்லிவிடு.

நான் கிளம்பி வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார். "அன்னிக்கி இன்னா சமையல்?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. "எங்க நைனாவ வெளிய ஒக்கார வெச்சிட்டு உள்ள ஆக்கினாரே உங்க அப்பா, இன்னா ஆக்கினாரு?" சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, ஊர்ச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய்க் கூட்டு என்றேன். அது அவர் அப்பா இறக்கிய பூசணிக்காய். தாத்தாவோடு கூடவே நின்று நானும் சமையல் கற்றுக்கொண்டவன் என்பது அவருக்குத் தெரியும், நிச்சயத்தன்று உன் அம்மா பீற்றிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம ஒரு எல அதிகமா போடப்போறேன்" என்றார். "அதே சமையல் நீங்க வந்து ஆக்கணும். கதவத் தெறந்து வெச்சிக்கினு ஆக்குங்க."

அப்பா